பொட்டலத்தில் புள்ளி மட்டும் போதுமா?

2023ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரு தயிர்ப் பொட்டலம் தமிழ்நாட்டையே தட்டி எழுப்பியது நேயர்களுக்கு நினைவிருக்கும். ஆவின் முதலிய கூட்டுறவுப் பால் ஸ்தாபனங்கள் தயிர்ப் பொட்டலத்தின்மேல் "தஹி" என்ற ஹிந்திச் சொல்லைப் பிரதானமாகப் போட்டு, "தயிர்" என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு பிறப்பித்தது. முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் கண்டித்தார். கர்நாடகத்தார் தங்கள் "மொசரு"வுக்காகக் கிளம்பினார்கள். அம்மாதம் 30ந் தேதியன்றே ஆணையம் தன் உத்தரவைத் திருத்திக்கொண்டது. ஒரு சொல்லுக்காகத் தமிழர் இவ்வளவு சுறுசுறுப்புடன் எழுந்ததை நாம் குறைகூற மாட்டோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தின் முகப்பில் உள்ள ஒரு சொல்லுக்குப் போராடிய நாம், கடைகளில் தொங்கும் ஆயிரம் பொட்டலங்களின் முதுகில் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுதியிருக்கிறதே, அது யாருடைய பாஷையில் இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

சமீபத்தில் புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடிக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வி நமக்கு உறைத்தது. கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. வாசலில் சரஞ்சரமாகப் பிஸ்கோத்து, வறுவல், மிட்டாய், உடனடி நூடுல்ஸ் பொட்டலங்கள். ஒரு தாயார் தம் குழந்தை கேட்ட மிட்டாய்ப் பையை வாங்கி, கூட வந்த பள்ளிச் சிறுமியிடம் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு படி" என்றார். சிறுமி எழுத்துக் கூட்டி, "ஜெ... ல... டின்" என்று வாசித்தாள். "அப்படின்னா என்னடி?" "தெரியலம்மா." கடைக்காரர் இடைபுகுந்து உதவி செய்தார்: "பச்சைப் புள்ளி இருந்தா சைவம், செவப்பு இருந்தா கவுச்சி. அவ்வளவுதாங்க நமக்குத் தெரியும்." பெரும்பாலான ஜனங்களுக்கு அது போதும் என்பது வாஸ்தவமே. ஆனால் அது போதாத ஒரு கூட்டத்தார் உலகில் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய வியாதி நம் ஆட்டுப்பட்டிகளுக்கு அவ்வளவு தூரத்தில் இருப்பதல்ல என்று கருதுவதாலேயே இதை எழுதுகிறோம்.

ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்தைப் பற்றித் தெரியாதவர் இல்லை. ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கங்களில் பந்தல் பந்தலாகக் கறி விருந்து நடக்கும். வந்தவர்கள் இலையில் உண்டு, நோட்டுப் புஸ்தகத்தில் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அத்தகைய பந்தியில் நண்பகல் ஆட்டுக்கறி உண்டவர் ஒருவர், வீடு திரும்பி, மாலை வேலைகளையெல்லாம் பார்த்து, இரவு ரசஞ்சாதம் உண்டு படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படுத்த சிறிது நேரத்தில் உள்ளங்கை அரிக்கிறது, உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது, வயிறு முறுக்குகிறது, வாந்தி, மூச்சு முட்டுகிறது. வீட்டார் எதைக் குற்றம் சொல்லுவார்கள்? ரசத்தைச் சொல்லுவார்கள்; பூச்சி கடித்தது என்பார்கள்; கண்ணேறு என்பார்கள். நண்பகல் உண்ட கறியை ஒருவரும் நினைக்கமாட்டார். ஏனெனில் நாமறிந்த உணவு ஒவ்வாமை என்பது வேர்க்கடலையோ இறாலோ வாயில் பட்ட சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். இது அப்படியல்ல. கறி உண்ட இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் இது தலைகாட்டுகிறது. கொழுப்புடன் சேர்ந்து மெல்ல ஜீரணமாகி ரத்தத்தில் கலப்பதனால் இத்தாமதம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

இந்த வியாதிக்கு ஆல்பா-கால் ஒவ்வாமை என்று பெயர். ஆல்பா-கால் என்பது ஒருவகைச் சர்க்கரை. ஆடு, மாடு, பன்றி, மான், முயல் முதலிய பாலூட்டிப் பிராணிகளின் மாமிசத்திலும் கொழுப்பிலும் தோலிலும் அது இருக்கிறது. மனிதனிடத்திலும், மனிதக் குரங்குகளிடத்திலும், ஆசியா ஆப்பிரிக்காக் கண்டங்களின் குரங்குகளிடத்திலும் அது இல்லை. கோழியில் இல்லை, முட்டையில் இல்லை, மீனில் இல்லை. ஆகவே இந்த ஒவ்வாமை உள்ளவர் கோழிக் குழம்பும் மீன் வறுவலும் தாராளமாக உண்ணலாம். ஒரு துண்டு ஆட்டுக்கறி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். கொழுப்பு மிகுந்த பாகமும், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் இன்னும் கொடியவை.

இது பிறவியில் வருவதன்று. உண்ணி கடிப்பதால் வருகிறது! உண்ணி மனித உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் வழியாக இந்தச் சர்க்கரை உட்புகுகிறது. உடம்பு அதனைப் பகையாக எண்ணி ஆயுதம் திரட்டி வைத்துக்கொள்கிறது. பிறகு அதே சர்க்கரை கறிச் சோற்றோடு வரும்போது அந்த ஆயுதங்கள் பாய்கின்றன. நாற்பது வருஷம் ஆட்டுக்கறி உண்டவருக்கும் நாற்பத்தோராம் வருஷம் இது வரலாம். நமது ஊர்களில் மழைக்காலத்தில் பரவும் "உண்ணிக் காய்ச்சல்" வேறு. அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் புழுக்களால் கிருமி புகுந்து உண்டாகும் ஜுரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இதைக் கண்டுபிடித்த கதையும் விசித்திரமானது. செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தை அமெரிக்காவில் ஊசி மூலம் செலுத்தியபோது, டென்னஸி, வட கரோலினா முதலிய தென்கிழக்கு ராஜ்யங்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அபாயகரமான ஒவ்வாமை கண்டது. வடகிழக்கிலோ நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒரே மருந்து, ஒரே தேசம், ஊருக்கு ஊர் வித்தியாசம்! அம்மருந்து எலியின் உயிரணுக்களிலிருந்து தயாரானது. அதில் ஆல்பா-கால் ஒட்டியிருந்தது. தென்கிழக்கு ஜனங்கள் பலருடைய ரத்தத்தில் அதற்கெதிரான சக்தி முன்கூட்டியே இருந்தது. இதை 2008ம் வருஷம் வெளியிட்ட அறிஞர்களுள் வெர்ஜீனியா சர்வகலாசாலையின் டாக்டர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் ஒருவர். அந்த ஊர்களின் படத்தை உண்ணியால் பரவும் ஒரு ஜுரத்தின் படத்துடன் ஒத்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறையப் பொருந்தின. 2007ல் அந்த டாக்டரே மலைக்காட்டில் உலாவப் போய் உண்ணிக் குஞ்சுகளிடம் கடிபட்டு வந்தார். சில மாதங்கள் கழித்து லண்டனில் ஆட்டுக்கறி உண்டார். நள்ளிரவில் உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு விழித்தார். ஆராய்ச்சிக்காரரே ஆராய்ச்சிப் பொருளானார். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்து டாக்டர் ஷெரில் வான் நூனன் என்ற அம்மையார் தம்மிடம் வந்த நோயாளிகளை விசாரித்து, உண்ணிக்கடிக்கும் மாமிச ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பைத் தனியே கண்டுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் அமெரிக்கா வியாதி, ஆலங்குடிக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். உண்ணி உள்ள ஆறு கண்டங்களிலும் இந்த ஒவ்வாமை காணப்பட்டிருக்கிறது. ஜப்பானில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆடுமாடுகளோடு வாழும் ஜனங்களிடையே இது மிகுதியாக இருப்பதாக 2018ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அவர்களில் பலருக்குத் தடிப்புக்கூட இல்லை. கறி உண்டால் வயிற்றுவலி, அவ்வளவே. காலங்காலமாய் அதை வெறும் வயிற்றுக்கோளாறு என்று தள்ளி வந்தார்கள். அக்கிராமங்களுக்கும் நம் கிராமங்களுக்கும் அப்படியென்ன தூரம்? அங்கும் மந்தை, இங்கும் மந்தை. ஆட்டின் காதுமடலில் கொத்தாய் ஒட்டியிருக்கும் உண்ணியை விரலால் கிள்ளி எறியாத சிறுவன் ஆலங்குடித் தாலுகாவில் உண்டா? அமெரிக்காவில் நோய்த் தடுப்பு இலாகா 2023ல் வெளியிட்ட கணக்கின்படி 2010 முதல் 2022 வரை சந்தேகத்துக்குரியவர்கள் 1,10,000 பேருக்கு மேல்; உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் 4,50,000 வரை இருக்கலாமென்று மதிப்பு. அங்கே கேள்வி கேட்கப்பட்ட வைத்தியத் துறையினரில் நூற்றுக்கு 42 பேர் இந்நோயின் பெயரையே கேட்டதில்லை என்றனராம். 2024ல் நியூஜெர்ஸியில் ஒருவர் மாட்டிறைச்சி உண்ட சில மணி நேரத்தில் மாண்டார். சாவின் காரணம் முதலில் விளங்கவில்லை. அவருடைய ரத்தத்தை வெர்ஜீனியா அறிஞர்கள் ஆராய்ந்து, இந்த ஒவ்வாமையே காரணமென்று 2025ல் வெளியிட்டார்கள். அவ்வளவு வசதியுள்ள தேசத்திலேயே இப்படியென்றால், ஒவ்வாமை நோய்களைக் கணக்கெடுக்கும் வழக்கமே இல்லாத நம் நாட்டில் காரணம் எழுதப்படாத இரவுகள் எத்தனையோ!

யாரையும் பயமுறுத்துவது நம் நோக்கமன்று. உண்ணி கடித்தவரெல்லாம் இந்நோய்க்கு ஆளாவதில்லை. ஆட்டுக்கறியின்மேல் நாம் பழி போடவுமில்லை. மொய் விருந்துக்காரர்கள் நம்மீது கோபிக்க வேண்டாம். கறியாவது கண்ணுக்குத் தெரியும். வேண்டாதவர் விலகிப் போகலாம். கண்ணுக்குத் தெரியாமல் பொட்டலத்திற்குள் ஒளிந்து வரும் ஆடும் மாடும் பன்றியுமே நமது விஷயம்.

மிட்டாயைத் துவளத் துவளச் செய்யும் ஜெலட்டின், பிராணிகளின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள், மீனிலிருந்தும் எடுக்கிறார்கள். மீன் ஜெலட்டின் இந்நோயாளிக்குத் தீங்கு செய்யாது. மாட்டு ஜெலட்டின் செய்யும். ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் வகைகளில் எண்ணெயும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கும் 471ம் எண் வஸ்து தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 422ம் எண்ணுள்ள கிளிஸரினும் அப்படியே. நாவுக்குச் சுவையூட்டும் 631ம் எண் மரவள்ளி மாவிலிருந்தும் கிடைக்கும், இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கும். கோழி சாஸேஜ் என்று பெயர் போட்டு விற்பதன் மேலுறை ஆட்டுக் குடலாகவோ பன்றிக் குடலாகவோ இருக்கக்கூடும். உள்ளே கோழி, வெளியே வேறொன்று! "இயற்கை மணப்பொருள்" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு பசுவையே ஒளித்துவிடலாம். இது அலங்காரப் பேச்சன்று. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் கம்பெனியார் தங்கள் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சத்துக் கலந்த மணப்பொருளைச் சேர்த்து, அதை "இயற்கை மணம்" என்று மட்டும் குறித்து வந்தது 2001ல் வெளிப்பட்டது. தாவர எண்ணெயில் பொரித்தது என்று நம்பி உண்ட ஹிந்துக்களும் மற்றச் சைவ உணவினரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2002ல் கம்பெனியார் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் கொடுக்க இசைந்தனர்.

இவ்விஷயத்தில் இந்தியா பின்தங்கிய தேசமென்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு வகையில் நாம் முன்னே இருக்கிறோம். அமெரிக்கச் சட்டம் ஒவ்வாமைப் பொருள்களென ஒன்பதைக் குறிப்பிட்டு லேபிளில் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. மாமிசம் அவ்வொன்பதில் இல்லை. அங்குள்ள நோயாளி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கம்பெனிக்குக் கடிதம் எழுதி விடை வருமா என்று காத்திருக்கிறார். நமக்கோ 2001ம் வருஷம் முதல் புள்ளி இருக்கிறது. பச்சைச் சதுரத்தில் பச்சை வட்டம் இருந்தால் உள்ளே பிராணி இல்லை. பால், தேன், தேன்மெழுகு, அரக்கு போன்ற சில மட்டும் விலக்கு. மாமிசம் உண்ணாதவரின் ஆசாரத்தைக் காப்பதற்கென வைத்த அடையாளம், கடல்கடந்த தேசத்து நோயாளிகள் ஏங்கும் மருந்துச் சீட்டாக நமக்கு வாய்த்திருக்கிறது. 2020ம் வருஷத்து லேபிள் விதிகள் அசைவக் குறியை வட்டத்திலிருந்து பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய முடியாத கண்ணுடையோருக்கும் வடிவம் தெரியட்டும் என்பது காரணம். நல்ல யோசனை.

ஆயினும் புள்ளிக்குத் தன் எல்லை உண்டு. பழுப்பு முக்கோணம், உள்ளே பிராணி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எந்தப் பிராணி என்று சொல்லாது. முட்டை கலந்த கேக்குக்கும் அதே முக்கோணம். பன்றிக் கொழுப்பில் செய்த பிஸ்கோத்துக்கும் அதே முக்கோணம். இந்நோயாளிக்கு முன்னது ஆகும், பின்னது எமன். பச்சைப் புள்ளியிலும் ஓர் ஓட்டை. பாலைத் தாங்கும் நோயாளிகளே அதிகம்; ஆனால் சிலருக்குப் பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஆகா. அவர்களுக்குப் பச்சைப் புள்ளி காவலன்று. அவர்கள் பார்க்கவேண்டியது "பால் கலந்தது" என்று ஒவ்வாமைக்காகத் தனியே போட வேண்டிய வரி. அந்த வரியைச் சட்டம் கட்டாயமாக்கித்தான் இருக்கிறது. எந்த எழுத்தில் என்பதற்குப் பின்னால் வருகிறோம். 2022ல் பாலும் தேனும்கூட இல்லாத உணவுக்கென ஒரு புதிய பச்சை முத்திரையை ஆணையம் ஏற்படுத்தியது. அதைத் தாங்கிய பொட்டலம் ஆலங்குடிக் கடையில் நம் கண்ணில் படவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐஸ்கிரீம், பால் பானங்களில் கெட்டிப்படச் சேர்க்கும் காராஜீனன் என்ற 407ம் எண் வஸ்து, கடற்பாசியிலிருந்து எடுப்பது. பக்கத்து ராமநாதபுரம் கடலோரத்தில் நம் பெண்மக்கள் கழுத்தளவு நீரில் நின்று வளர்க்கும் பாசியும் அந்த இனமே. சுத்த சைவம். ஆனால் அதன் சர்க்கரை அமைப்பு ஆல்பா-காலுக்கு நெருங்கியது என்பதால், மிகவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் இதிலும் எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்று வைத்தியர் சிலர் சொல்கிறார்கள். கறியைப் போல் நிச்சயமாக நிரூபணமான விஷயமல்ல இது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்தப் பிராணி என்று சொல்வது கஷ்டமா? நமது விதிகளே ஓரளவு சொல்லச் செய்திருக்கின்றன. பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் சேர்ந்திருந்தால் அவற்றின் பெயரையே சொல்லவேண்டும் என்று விதி. 1857ல் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய வதந்தி ஒரு சாம்ராஜ்யத்தை ஆட்டியது. 1983ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்த செய்தி நாட்டைக் கலக்கியது. அந்த ஞாபகங்கள் இருக்கும் தேசத்தில் இவ்விதி ஆச்சரியமன்று. ஆனால் ஜெலட்டின் விஷயத்தில் 2011ம் வருஷ விதிகள் "பிராணி மூலம்" என்று போட்டால் போதுமென்றன. எந்தப் பிராணி? மீனும் பிராணிதான், மாடும் பிராணிதான். 2021ம் வருஷம் டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. வெறும் எண்களைப் போட்டு மறைப்பதாகாது. ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து வந்ததா, பிராணியிலிருந்து வந்ததா, ரசாயன சாலையில் செய்ததா என்று வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. மேலே சொன்ன 631ம் எண்ணையே கோர்ட்டார் உதாரணமாக எடுத்துக்கொண்டனர். ஆணையமும் அம்மாதமே கம்பெனிகளுக்கு அதைத் தெரிவித்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர்கள் பசுப் பாதுகாப்புச் சங்கத்தார். அவர்கள் மனத்தில் ஆல்பா-கால் இருந்திருக்காது. இருந்தாலென்ன, அவர்கள் திறந்த கதவு வழியாக நோயாளியும் நுழையலாம். "பிராணி" என்பதற்கு அடுத்த சொல்லாக "மாடு", "பன்றி", "ஆடு", "கோழி", "மீன்", "முட்டை" என்று ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கொள்முதல் செய்த கம்பெனிக்கு அது தெரியாமலா இருக்கும்?

இனி, எழுத்தின் விஷயத்துக்கு வருகிறோம். மேற்சொன்ன அத்தனையும் சட்டப்படி எந்தப் பாஷையில் இருக்க வேண்டும்? "இங்கிலீஷில் அல்லது தேவநாகரி லிபியில் ஹிந்தியில்" என்பது 2020ம் வருஷ விதியின் ஷரத்து. மற்றப் பாஷைகளையும் கூடவே போட்டுக்கொள்வதை விதி தடுக்கவில்லை. அதாவது தமிழுக்கு அனுமதி உண்டு, உரிமை இல்லை. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பிரஜை, தன் காசு கொடுத்து, தன் ஊர்க் கடையில் வாங்கும் உணவில் என்ன இருக்கிறதென்று அறிய இங்கிலீஷோ ஹிந்தியோ கற்று வரவேண்டும். கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டுமென்று நம் ராஜ்யத்தில் விதி இருக்கிறது. பலகையைத் தின்பார் யாருமில்லை. தின்னும் பொருளுக்கு அந்த விதி இல்லை!

கம்பெனிக்காரர்கள் உடனே சொல்லும் ஆட்சேபம் நமக்குத் தெரியும். இடம் போதாது, செலவு அதிகம், ராஜ்யத்துக்கு ஒரு பாஷை அச்சடித்தால் கட்டுபடியாகாது என்பார்கள். சினிமா நட்சத்திரத்தின் சிரிப்புக்குப் பொட்டலத்தில் பாதியிடம் ஒதுக்கத் தெரிந்தவர்கள், "மாட்டு ஜெலட்டின்" என்று இரண்டு சொல்லுக்கு இடமில்லை என்பதை நாம் எப்படி ஒப்புக்கொள்வது? இதே கனவான்கள் வளைகுடா தேசங்களுக்கு அனுப்பும் பொட்டலங்களில் அரபியில் அச்சடிக்கிறார்கள். அங்கே சட்டம் கேட்கிறது. கனடாவில் இங்கிலீஷும் பிரெஞ்சும் சேர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ம் வருஷ விதி, எந்த நாட்டில் விற்கிறதோ அந்த நாட்டு ஜனங்களுக்கு எளிதில் புரியும் பாஷையில் லேபிள் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் சில நாடுகளின் மொத்த ஜனத்தொகை நம் ஒரு ஜில்லாவுக்கு ஈடாகாது. ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டில் மட்டும் கட்டுபடியாகாது என்றால், மனமில்லை என்பதே அதன் அர்த்தம். எல்லாவற்றையும் தமிழில் போடச் சொல்லி நாம் பிடிவாதம் செய்யவில்லை. சேர்மானங்களின் பட்டியல், ஒவ்வாமை வரி, பிராணியின் பெயர் ஆகிய மூன்று போதும். விளம்பரத்தை எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக் குளிகைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். நோய் தீர்க்க விழுங்குவதே நோயாகலாம். மருந்துகளுக்கும் அழகுப் பொருள்களுக்கும் சைவ-அசைவக் குறி வேண்டுமென்று டெல்லி ஹைகோர்ட்டு 2002ல் சொன்னதை, சுப்ரீம் கோர்ட்டு 2013ல் ரத்து செய்துவிட்டது. ஆகவே இங்கே புள்ளியும் கிடையாது. இந்நோயுள்ளவர் மருந்து எழுதும் டாக்டரிடமே கேட்டுக்கொள்வது தவிர இப்போதைக்கு வழியில்லை.

பொட்டலமே இல்லாத உணவு வேறு இருக்கிறது. பரோட்டாக் கடையில் முட்டைப் பரோட்டா கேட்டவர் இலையில் ஊற்றும் சால்னா, ஆட்டெலும்பு கொதித்த சால்னாவாயிருக்கும். கோழி வறுத்த கல்லிலேயே ஆட்டுக்கறியும் வறுபடும். இதற்கெல்லாம் லேபிள் ஒட்ட முடியாது. கேட்டுத்தான் உண்ண வேண்டும். கடைக்காரரும் கேட்பவரைப் பார்த்து நகைக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை ஜனங்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. கறியுண்ட இரவுகளில் மட்டும் தடிப்பும் வயிற்று முறுக்கும் வருகிறதென்றால், என்றைக்கு என்ன உண்டோம், எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் உண்ணி கடித்ததுண்டா என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம். மூச்சு முட்டல், மயக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்குரிய மருந்து அட்ரினலின் ஊசி. அமெரிக்காவில் நோயாளிகள் தாமே குத்திக்கொள்ளும் பேனா போன்ற ஊசியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் அது கிடைப்பது அரிது. ஆடு மாடு மேய்ப்பவர் வீடு திரும்பியதும் கணுக்கால், அக்குள், காதோரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியும் தீக்குச்சி காட்டியும் சித்திரவதை செய்யாமல், சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும். மறுபடி மறுபடி கடிபடாதிருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வருஷக்கணக்கில் தணிவதும் உண்டு.

பள்ளிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடையில் எழுத்துக் கூட்டி வாசித்த அந்தச் சிறுமி நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஜெலட்டின் என்ற சொல்லை வாசிக்க அவளுக்குக் கற்பித்திருக்கிறோம். அது மாட்டெலும்பு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சத்துணவுக் கூடத்தின் சுவரில் இருபது சொற்கள் கொண்ட ஒரு தமிழ்ப் பட்டியலை எழுதிவைக்க எந்த டெல்லியின் உத்தரவும் தேவையில்லை.

சட்டத்தைத் திருத்த வேண்டியது மத்திய சர்க்காரின் ஆணையம். அதைக் கேட்க வேண்டியது ராஜ்ய சர்க்கார். ராஜ்ய சர்க்காரைக் கேட்கச் செய்ய வேண்டியவர்கள் ஜனங்கள். 2017ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வயலோரத்தில் நாட்கணக்கில் உட்கார்ந்த தாலுகா ஆலங்குடித் தாலுகா. இவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், விற்பனைக்கு வரும் உணவுப் பொட்டலங்களில் சேர்மானமும் ஒவ்வாமை எச்சரிக்கையும் பிராணியின் பெயரும் தமிழில் இருக்க வேண்டும் என்று வடகாட்டாரும் கொத்தமங்கலத்தாரும் கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊராரும் தீர்மானம் போடட்டும். போகும்போது ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் போகட்டும். கூட்டத்துக்கு வரும் அதிகாரியிடம் அதைக் கொடுத்து, இதில் எந்தப் பிராணி இருக்கிறது என்று வாசித்துச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்கட்டும்.